பொதுக் கம்ப்யூட்டரில் யாருக்கு எவ்வளவு உரிமை? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நூல்கண்டு, திருப்பூர்:

பனியன் ஏற்றுமதி அலுவலகம் எங்களுடையது. பேக்கிங் பிரிவில் ஒரே கம்ப்யூட்டர். பகல் ஷிஃப்டும் இரவு ஷிஃப்டும் மாறி மாறி உட்காரும். லாகினும் ஒன்றுதான், அதுவும் அட்மின்; எதையும் இன்ஸ்டால் செய்யலாம், எதையும் மாற்றலாம். பெட்டிக்கு லேபிள் அடிக்கும் பழைய மென்பொருளை விற்றவர் "அட்மின் குடுத்துடுங்க சார், அப்பதான் ஓடும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அது ஓடியது. கூடவே டூல்பார்களும் ரம்மியும் ஓடின. பென்டிரைவில் வந்த ஷார்ட்கட் வைரஸ் பேக்கிங் லிஸ்ட் ஃபோல்டர்களை எல்லாம் மறைத்து, அதே பெயரில் அம்புக்குறி போட்ட ஷார்ட்கட்டுகளை வைத்த பிறகுதான் முதலாளி "ஏதாவது பண்ணுங்கப்பா" என்றார்.

ஷிஃப்டுக்கு ஒன்றாகச் சாதாரண யூசர் கணக்கு போட்டுக் கொடுத்தேன். லேபிள் மென்பொருள் சமர்த்தாகத் திறந்தது. ஆனால் பகலில் ஏற்றிய பெட்டி எண்கள் இரவில் இல்லை, இரவில் ஏற்றியவை காலையில் இல்லை. "நீதான் அழிச்சே" என்று இரண்டு ஷிஃப்டுக்கும் சண்டை.

அந்த மென்பொருள் தன் டேட்டாவை, மென்பொருள்கள் இன்ஸ்டால் ஆகும் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே எழுதும் ரகம். சாதாரண யூசருக்கு அங்கே எழுத அனுமதி கிடையாது. பழைய மென்பொருள் முடங்கிவிடக் கூடாதே என்று விஸ்டா என்ற பழைய பதிப்பின் காலத்திலிருந்து விண்டோஸ் ஒரு வேலை செய்கிறது: எழுதுவதை எல்லாம் சத்தமில்லாமல் அந்தந்த யூசரின் வர்ச்சுவல்ஸ்டோர் ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். ஆக, ஷிஃப்டுக்கு ஒரு கணக்குநோட்டு! இரண்டிலும் இருந்ததைச் சேர்த்து எடுத்துக்கொண்டு, டேட்டா ஃபோல்டருக்கு மட்டும் யூசர்ஸ் குழுவுக்கு (அதாவது எல்லாச் சாதாரணக் கணக்குகளுக்கும்) எழுதவும் மாற்றவும் விடும் மாடிஃபை உரிமை கொடுத்தேன். வர்ச்சுவல்ஸ்டோரில் கிடந்த நகல்களையும் அப்புறப்படுத்த வேண்டும். அவை இருக்கும்வரை மென்பொருள் அவற்றைத்தான் படிக்கும். விற்றவருக்கு இதெல்லாம் தெரியாமலா இருக்கும்?

இரவுக்காவல், மதுரை:

நூல்கண்டு அண்ணே, திறந்துவிட்ட அந்த ஃபோல்டர் மேல் ஒரு கண் இருக்கட்டும். அட்மின் உரிமையைப் பிடுங்கினாலும் சில பிரவுசர்கள், விளையாட்டுகள் யூசரின் சொந்த ஃபோல்டரிலேயே இன்ஸ்டால் ஆகிவிடும். அதற்காகத்தான் எந்த மென்பொருள் ஓடலாம், எது ஓடக் கூடாது என்று விதி போடும் விண்டோஸ் வசதியான ஆப்லாக்கரை நாங்கள் போட்டோம். அதன் இயல்பான விதிகள் விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ் இரண்டுக்குள்ளும் இருப்பதை ஓடவிடும், மற்றதைத் தடுக்கும். புரோகிராம் ஃபைல்ஸுக்குள்ளேயே எழுத இடம் இருந்தால் ரம்மி அங்கே போய் உட்காராதா? அங்கே இருப்பது எதுவும் ஓடாதபடி, ஓடவிடும் விதியில் அந்த ஃபோல்டரை விலக்காகச் சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்று. விண்டோஸின் பின்னணியில் அப்ளிகேஷன் ஐடென்டிட்டி என்ற சர்வீஸ் ஓடாவிட்டால் ஆப்லாக்கர் விதிகள் எல்லாம் வெறும் காகிதம். முதலில் தடுக்காமல் குறித்து மட்டும் வைக்கும் ஆடிட் முறையில் விட்டு, எது எது மாட்டுகிறது என்று விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் லாகில் பார்த்துவிட்டு அப்புறம் பூட்டுவது உத்தமம்.

கிளார்க் அக்கா:

பூட்டுகிற தம்பிகள் பேசிவிட்டீர்கள், உட்கார்ந்து வேலை பார்க்கிறவள் சொல்கிறேன். எங்கள் ஆபீஸில் யு.எஸ்.பி. அடைப்பு, கன்ட்ரோல் பேனல் மறைப்பு, வால்பேப்பரைக்கூட மாற்ற முடியாது. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் சம்பளப் பட்டியல் எடுக்கிற நாளில் பிரிண்டர் டிரைவரை அப்டேட் செய் என்று வந்து, அட்மின் பாஸ்வேர்டு கேட்டு நின்றது. 2021-இல் விண்டோஸின் பிரிண்ட் வசதியில் இருந்த பிரிண்ட்நைட்மேர் என்ற பாதுகாப்பு ஓட்டையை அடைக்க மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த மாற்றமாம் இது. இருக்கட்டும். பாஸ்வேர்டு தெரிந்தவர் லீவு, போனையும் எடுக்கவில்லை.

மேனேஜர் என்ன செய்தார் தெரியுமா? பட்டியலை வாட்ஸ்அப் வெப்பில் தன் போனுக்கு அனுப்பி, எதிரே உள்ள ஜெராக்ஸ் கடைக்கு ஃபார்வர்டு செய்து பிரிண்ட் எடுத்து வரச் சொன்னார். நான் போனபோது யார் யாருக்கு எவ்வளவு என்று கடைப் பையனின் மானிட்டரில் பெரிதாக விரிந்திருந்தது. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் எங்கள் டிரைவர். ஆபீஸ் திரும்புவதற்குள் இன்க்ரிமென்ட் பஞ்சாயத்து ஆரம்பமாகிவிட்டது.

லீவு போடுகிற அன்றைக்குப் பாஸ்வேர்டை இன்னொருவரிடமாவது கொடுத்துவிட்டுப் போங்களேன், தம்பி.