கச்சேரிப் பதிவில் ஒலியும் படமும் சேரவில்லை, மிக அவசரம் (மும்பை)

செம்பூர் ஒலி · இரவு 10.40
எல்லோருக்கும் வணக்கம். தொலைக்காட்சியின் நவராத்திரித் தொடருக்காகப் பதிவு செய்த கச்சேரியில் ஒலியும் படமும் சேரவில்லை. நான் எல்லாவற்றையும் சரியாகத்தான் வைத்தேன். எடிட்டர் என் மேல் பழி போடுகிறார். நாளை காலை 11 மணிக்கு எபிசோடை ஒப்படைக்க வேண்டும். எப்படிச் சரிசெய்வது? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

ஆன்டாப் ஹில் எடிட்டர் · 10.52
தம்பி, "சேரவில்லை" என்று மட்டும் சொன்னால் என்ன செய்வது? ஒலி முந்துகிறதா, பிந்துகிறதா? தொடக்கத்திலிருந்தே அப்படியா, போகப் போக விலகுகிறதா? எத்தனை கேமரா? ஒலியை எதில் பதிவு செய்தீர்கள்? எடிட்டர் பழி போடுகிறார் என்கிறீர்கள். அவர் பார்த்தது என்ன என்பதை எழுதவே இல்லையே.

கோரேகாவ் கேமரா · 10.58
இது ஜென்லாக் இல்லாததால் வந்த வினை. ஃபிலிம் சிட்டியில் பெரிய பாட்டுப் போட்டிகளை எடுக்கும்போது எல்லாக் கேமராவுக்கும் ஒரே ஒத்திசைவு சிக்னல் போகும். சிறிய தயாரிப்புகளில் செலவுக்குப் பயந்து ஒவ்வொரு கேமராவையும் அதன் கார்டிலேயே தனித்தனியாக ஓடவிடுகிறார்கள். ஒவ்வொன்றின் கடிகாரமும் தன் போக்கில் போகும். பதினைந்து ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மூத்த ஒலிப்பதிவாளர் · 11.04
44.1 கிலோஹெர்ட்ஸில் (ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்து) பதிவு செய்திருப்பீர்கள். அது சிடிக்கான அளவு. தொலைக்காட்சிக்கு 48 கிலோஹெர்ட்ஸ். இந்தத் தொழிலில் முதல் நாள் கற்க வேண்டிய பாடம் இது. இப்போது வருகிறவர்கள் கருவியை வாடகைக்கு எடுத்தவுடன் சிவப்புப் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். மெனுவைத் திறந்து பார்ப்பதில்லை. ஃபைலின் விவரத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம்.

மாட்டுங்கா மிருதங்கம் · 11.09
நான் வாசிப்பவன், ஆனால் இதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லி விநாடி ஆகும். அரங்கின் பின்னால் 20 மீட்டரில் நிற்கும் கேமராவின் மைக்குக்கு என் அடி 60 மில்லி விநாடி தாமதமாகப் போய்ச் சேரும், அதாவது விநாடிக்கு 25 பிரேம் (படச்சட்டம்) ஓடும் கணக்கில் ஒன்றரை பிரேம். அந்த ஒலியைப் பார்த்து மற்றதைப் பொருத்தினால் கை முன்னால் போகும், ஓசை பின்னால் வரும்.

ஆன்டாப் ஹில் எடிட்டர் · 11.13
ஐயா, அது நிலையான இடைவெளி. கடைசி வரை அதே ஒன்றரை பிரேம்தான் இருக்கும், ஒருமுறை நகர்த்தினால் தீர்ந்தது. வளரும் இடைவெளியா என்பதை இன்னும் அவர் சொல்லவில்லை.

செம்பூர் ஒலி · 11.31
மன்னிக்க வேண்டும், எடிட்டிங் அறைக்கும் வெளியே படிக்கட்டுக்குமாக ஓடிக்கொண்டிருக்கிறேன். ஐந்து கேமரா, 25 பிரேம். எல்லாவற்றுக்கும் டைம்கோடு (பொதுவான நேரக் குறியீடு) தரும் பெட்டி வைத்திருந்தோம். மிக்ஸரிலிருந்து 16 ட்ராக், தனி ரெக்கார்டரில். ரெக்கார்டர் அன்று காலை அந்தேரியில் வாடகைக்கு எடுத்தது. ஃபைல் விவரத்தில் 48000 என்றுதான் இருக்கிறது ஐயா, பார்த்துவிட்டேன். வர்ணம் தொடங்கும்போது சரியாக இருக்கிறது. பிறகு ஒலி பிந்திக்கொண்டே போகிறது.

மூத்த ஒலிப்பதிவாளர் · 11.35
அப்படியென்றால் கோளாறு கேமராக்காரர்கள் பக்கம். டைம்கோடு இருந்தும் நழுவுகிறது என்றால் பெட்டிகளைச் சரியாக ஒத்திசைக்கவில்லை.

கோரேகாவ் கேமரா · 11.37
எது நடந்தாலும் கேமரா பக்கம்தான் கோளாறா?

முலுண்ட் மிக்ஸர் · 11.40
இரண்டு பேரும் சற்றுப் பொறுங்கள். டைம்கோடு ஃபைலின் தொடக்கத்துக்கு முகவரி எழுதித் தருகிறது, அவ்வளவுதான். பதிவு என்ன வேகத்தில் ஓட வேண்டும் என்று அது கட்டளையிடாது. டைம்கோடு சரியாக இருந்து, வேகம் மட்டும் தவறுவது சாதாரணமாக நடக்கக்கூடியது.

தம்பி, எனக்கு இரண்டு எண்கள் வேண்டும். எத்தனையாவது நிமிடத்தில் எத்தனை விநாடி பிந்துகிறது? ஒன்று நடுவில், ஒன்று கடைசியில். இன்னொன்று, ஐந்து கேமராவும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா?

செம்பூர் ஒலி · 11.52
ஐந்தும் ஒத்துப்போகின்றன. ஒலி மட்டும்தான் விலகுகிறது. 35ஆவது நிமிடத்தில் தனி ஆவர்த்தனம். அங்கே இரண்டு விநாடிக்குச் சற்று மேல். மங்களம் 52ஆவது நிமிடத்தில் முடிகிறது. அங்கே மூன்று விநாடிக்குச் சற்று மேல். ரெக்கார்டரை நடுவில் நிறுத்தவே இல்லை.

முலுண்ட் மிக்ஸர் · நள்ளிரவு 12.03
அப்படியானால் விடை உங்கள் எண்களிலேயே இருக்கிறது. 35 நிமிடம் 2100 விநாடி, பிந்துவது 2.1. 52 நிமிடம் 3120 விநாடி, பிந்துவது 3.12. இரண்டுமே ஆயிரத்தில் ஒரு பங்கு. கடிகாரம் தானாக நழுவினால் இவ்வளவு பெரிதாகவும் சீராகவும் நழுவாது. பத்து லட்சத்தில் பத்துப் பங்கு பிசகும் கடிகாரமே 52 நிமிடத்தில் 31 மில்லி விநாடிதான் விலகும், ஒரு பிரேம்கூட இல்லை. எனவே ஜென்லாக் இல்லாதது காரணமல்ல. 44.1 குழப்பமும் அல்ல. அதுவாக இருந்தால் நான்கு நிமிடத்துக்கு மேல் விலகியிருக்கும், சுருதியும் முக்கால் கட்டை மாறியிருக்கும். பாடியவரே எழுந்து வந்து கேட்டிருப்பார்.

ரெக்கார்டர் 48.048 கிலோஹெர்ட்ஸில் ஓடியிருக்கிறது. 24 பிரேமில் எடுத்து 23.976இல் முடிப்பவர்களுக்காகச் சில ரெக்கார்டர்களில் இந்த அளவு உண்டு. அதிலேயே ஒரு வகை, 48.048இல் பதிவு செய்துவிட்டு ஃபைலின் தலைப்பில் (அதன் தொடக்கத்தில் உள்ள விவரக் குறிப்பில்) 48000 என்று எழுதும். அதை நம்பி 48000இல் ஓட்டினால் ஒலி ஆயிரத்தில் ஒரு பங்கு மெதுவாகும். உங்களுக்கு முன் வாடகைக்கு எடுத்தவர் அப்படி வைத்துவிட்டுப் போயிருக்கலாம். 25 பிரேமில் வேலை செய்யும் நமக்கு அது எந்த நாளும் தேவைப்படாது. சுருதி இறக்கம் இரண்டு சென்ட்கூட (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) வராது, எந்தக் காதும் பிடிக்காது. அதனால்தான் படத்தோடு சேர்க்கும்வரை உங்களுக்குத் தெரியவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். மூல ஃபைலைத் தொடாதீர்கள், நகல் எடுங்கள். நகலின் தலைப்பில் 48000 என்பதை 48048 என்று மாற்றுங்கள். அதன்பின் முறையாக 48000க்கு மாற்றி எழுதுங்கள். 16 ட்ராக்கையும் ஒன்றாகச் செய்யுங்கள். சுருதியைப் பிடித்துவைத்து நேரத்தை மட்டும் சுருக்கும் கருவியைப் பயன்படுத்தவே கூடாது. மிருதங்கத்தின் ஒவ்வொரு அடியின் முனையையும் அது மழுக்கிவிடும். அந்த வித்வான் ஒரு மணி நேரம் உயிரைக் கொடுத்து வாசித்திருக்கிறார்.

மூத்த ஒலிப்பதிவாளர் · 12.10
ஃபைலே 48000 என்று சொல்லும்போது அதை நம்பாமல் வேறு எதை நம்புவது? இப்படி ஊகித்துத் தலைப்பை மாற்றச் சொல்வது ஆபத்து.

முலுண்ட் மிக்ஸர் · 12.14
ஊகத்தைச் சோதிக்கலாம் ஐயா. ரெக்கார்டரை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை என்றால் மெனுவைத் திறந்து பார்க்கட்டும். கொடுத்துவிட்டார் என்றால், கேமராவிலேயே பதிவான ஒலியில் முதல் கைதட்டலையும் கடைசிக் கைதட்டலையும் எடுத்து, மாற்றிய ஃபைலோடு வைத்துப் பார்க்கட்டும். இரண்டு இடத்திலும் சேர்ந்தால் ஐயத்துக்கு இடமில்லை.

கோரேகாவ் கேமரா · 12.20
கடைசியில் ஒரு கிளாப் அடித்திருந்தால் பதிவு முடிந்த அன்றே தெரிந்திருக்கும். ஆனால் கடைசி கிளாப்புக்கு ஒலிக்குழு எங்கே நேரம் தருகிறது? மங்களம் முடிந்ததும் மைக்கைக் கழற்ற ஓடுகிறார்கள்.

மாட்டுங்கா மிருதங்கம் · 12.26
கேமராவைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். போன மாதம் ஒரு பதிவில், தொப்பிப் பக்க (மிருதங்கத்தின் இடப்பக்க) மைக் வயலின்காரர் கையை மறைக்கிறது என்று கேமராவிலிருந்து சொன்னார்கள். ஒரு சாண் தள்ளிவைத்தார்கள். ஒளிபரப்பில் கும்கி (தொப்பியில் எழும் ஆழ்ந்த குழைவோசை) முழுவதும் காணாமல் போயிருந்தது. வலந்தலை (வலப்பக்கம்) மட்டும் தகரம் தட்டுவது போலக் கேட்டது. முப்பது ஆண்டு சாதகம் ஒரு சாணில் போய்விட்டது. படம் அழகாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

கோரேகாவ் கேமரா · 12.31
பார்ப்பவருக்கு முகமும் விரலும் வேண்டும் ஐயா. பாடுபவரின் வாய்க்கு முன்னால் மைக்கும் அதன் நிழலும் விழுந்தால் அந்த அண்மைக் காட்சியை நான் பயன்படுத்த முடியாது. இருபது பேர் அமரும் மேடை அல்ல அது, நான்கு பேர் நெருங்கி உட்காரும் இடம்.

மூத்த ஒலிப்பதிவாளர் · 12.36
இதில் நான் மிருதங்கக்காரர் பக்கம். தூரம் இரட்டிப்பானால் நேராக வரும் ஒலி 6 டெசிபல் குறையும். அதை மிக்ஸரில் ஏற்றினால் ஏசியின் இரைச்சலும் பக்கத்து வயலினும் கூடவே ஏறும். சண்முகானந்தா போன்ற அரங்கில் அரங்கத்துக்கான ஒலிபெருக்கியும் அதில் கலக்கும். கேமராவை அரை அடி நகர்த்தலாம். மைக்கை நகர்த்தினால் வாத்தியமே மாறிவிடும்.

கோரேகாவ் கேமரா · 12.41
கேமராவை நகர்த்தினால் பின்னால் இருக்கும் எல்இடி திரையில் கோடு விழுகிறது. அதையும் கணக்கில் எடுங்கள். விளக்கு வைப்பதற்கு முன்பே மூன்று குழுவும் மேடையில் ஒன்றாக உட்கார்ந்து, கலைஞர்களை உட்காரவைத்துப் பார்த்தால் இந்தத் தகராறே வராது. அதற்கு அரை மணி நேரம் கொடுக்கும் தயாரிப்பாளரை நான் இன்னும் பார்க்கவில்லை.

மாட்டுங்கா மிருதங்கம் · 12.44
அது உண்மை. எங்களை வரச்சொல்வது காலை ஏழு மணிக்கு. மைக் சோதனைக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம்.

ஆன்டாப் ஹில் எடிட்டர் · 12.50
கேட்டவரைக் காணவில்லை. தம்பி, என்ன ஆயிற்று?

செம்பூர் ஒலி · காலை 6.15
சேர்ந்துவிட்டது. கைதட்டல் இரண்டு இடத்திலும் பொருந்துகிறது. ரெக்கார்டர் என்னிடமே இருந்தது, மெனுவில் 48.048 என்றுதான் இருக்கிறது. முலுண்ட் அண்ணாவுக்கு நன்றி. அடுத்த ரயிலில் வீட்டுக்குப் போகிறேன்.

முலுண்ட் மிக்ஸர் · 7.02
மகிழ்ச்சி. திருப்பிக் கொடுப்பதற்கு முன் அந்த மெனுவை 48க்கு மாற்றிவிடுங்கள், அடுத்து எடுப்பவருக்காக. இதே ரெக்கார்டரில் அதே வாரம் வேறு கச்சேரி ஏதாவது பதிவு செய்தீர்களா?

ஆன்டாப் ஹில் எடிட்டர் · 9.48
நவராத்திரித் தொடர் என்றால் ஒன்பது எபிசோட் இருக்குமே. தம்பி, மற்ற எட்டையும் பார்த்தீர்களா?