வட்டுக்கோட்டைச் செமினரியும் போர்டிங் பிள்ளைகளின் பெயர்களும்

அன்பான ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

யாழ்ப்பாணக் கல்லூரிக்கு உதவி சேர்ப்பது பற்றிப் பேச்சு வந்தபோது, "அது மிஷன்காரர் கட்டினது, அவர்களே பார்க்கட்டும்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். தம்பி கோபிக்க வேண்டாம், எனக்கு அது சரியாகப் படவில்லை.

1823இல் வட்டுக்கோட்டையில், அந்தக் கல்லூரிக்கு முன்னோடியான செமினரி என்ற உயர்கல்விப் பள்ளியைத் தொடங்கியது அமெரிக்க மிஷன்தான். டானியல் பூர் முதல் அதிபர். பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும் என்பதுதான் திட்டம். நம் ஆட்களா விடுவார்கள்! மிஷன் வளவுக்குள் சமைத்த சோற்றைப் பிள்ளை தின்னக் கூடாது என்று பெற்றோர் நின்றதால், மிஷன் தொடங்கிய முதல் விடுதிகளில் சமையல் கொட்டிலை வளவுக்கு வெளியே போட வேண்டி வந்தது. சாதி அவ்வளவு இறுக்கம். அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

அப்புறம் பெயர். விடுதிப் பிள்ளையின் செலவை அமெரிக்காவில் ஒருவர் ஏற்றால், அவர் விரும்பிய பெயரைப் பிள்ளைக்கு வைப்பது வழக்கம். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை எல்லாம் அப்படித்தான். சோற்றுக்காகப் பெயரை மாற்றுவதா என்று எனக்கு இன்றைக்கும் மனம் கசக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைகள் தமிழை விடவில்லை. நெவின்ஸ் தர்க்கத்தைத் தமிழில் 'நியாய இலக்கணம்' என்று எழுதினார். 1841இல் வந்த 'உதயதாரகை' பத்திரிகையின் முதல் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் இருவரும் இங்கே படித்த தமிழர்கள்.

1829 மார்ச் சந்திர கிரகணக் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கக் கணிப்புக்கும் பூர் போட்ட கணக்குக்கும் கால் மணி நேரமளவு வித்தியாசம். ஊரே முற்றத்தில் நின்று பார்த்தது. பூரின் கணக்கே சரி வந்தது. அதற்குப் பிறகு வானசாஸ்திரம் படிக்கப் பிள்ளைகளுக்கு ஆர்வம் கூடியது.

ஆனால் 1855இல் அந்த மிஷனே செமினரியை மூடிவிட்டது. ஆங்கிலம் படித்தவர்கள் உத்தியோகம் தேடிப் போகிறார்கள், மதம் பரப்பும் வேலைக்கு உதவவில்லை என்பது அமெரிக்காவிலிருந்து வந்தவர்களின் முடிவு. மூடி இரண்டு வருடத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக வந்த இருவரும் இங்கே படித்தவர்கள்: கறல் விசுவநாதபிள்ளையும், பின்னாளில் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளையும்.

மூடின பள்ளியை யார் திறக்க வைத்தது? பழைய மாணவரும் ஊரவரும்தான். மேற்படிப்பு இங்கேயே வேண்டும் என்று விடாமல் கேட்டார்கள், பணமும் சேர்த்தார்கள். 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்தது அப்படித்தான். 1960இல் உதவி பெறும் பள்ளிகளில் பெரும்பாலானவற்றை அரசாங்கம் எடுத்தபோதும் அது தனியார் பள்ளியாகவே நின்றது. ஆகவே தம்பி, அது நாங்கள் கேட்டு வாங்கிய பள்ளி. உதவி பற்றி முடிவெடுக்கும்போது இதையும் யோசியுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பழைய காணி உறுதிகளில், பாட்டன் பூட்டன் பெயருக்கு முன்னால் இப்படி ஓர் ஆங்கிலப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் குழுவுக்கு எழுதுங்கள். நான் ஒரு பட்டியலாகத் தொகுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
வட்டுக்கோட்டையைச் சேர்ந்த ஒருவன்