மர்மமான ஸ்கேல் என்று நினைத்தேன், சரளி வரிசையில் போய் நின்றது

கிட்டாரில் வாசிக்கும் டபுள் ஹார்மோனிக் ஸ்கேலை (ஏழு ஸ்வரங்கள் கொண்ட ஒரு வரிசை) முதலில் ஒரு வீடியோவில்தான் பார்த்தேன். பைசாண்டைன் என்றும் அரேபியன் என்றும் அதற்குப் பெயர்கள் சொன்னார்கள். நான்கு வருடமாகப் பென்டாடோனிக் என்ற ஐந்து ஸ்வர ஸ்கேலையே மேலும் கீழும் ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு அந்தப் பெயர்களே போதுமாக இருந்தன. மேற்கத்திய ஸ்வரப் பெயர்களில், இ-யில் ஆரம்பித்தால் இ, எஃப், ஜி ஷார்ப், ஏ, பி, சி, டி ஷார்ப். தடித்த ஆறாவது கம்பியில் மட்டும் வாசித்தால் ஃப்ரெட் எண்கள் 0, 1, 4, 5, 7, 8, 11, 12 (ஃப்ரெட் என்பது கிட்டார்க் கழுத்தில் குறுக்கே இருக்கும் உலோகக் கோடு; 0 என்றால் அழுத்தாத கம்பி). மனப்பாடம் செய்ய ஒரு சாயங்காலம் போதும்.

விரல்தான் ஒத்துழைக்கவில்லை. ஒன்றுக்கும் நாலுக்கும் நடுவே இரண்டு ஃப்ரெட் காலி, அதுவும் ஃப்ரெட்டுகள் அகலமாக இருக்கும் இடத்தில். சுண்டுவிரலை நீட்டினால் மணிக்கட்டு மடங்கிப் பத்து நிமிடத்தில் வலி. கட்டைவிரலைக் கழுத்தின் பின்பக்கம் நடுவில் வைத்து, சுண்டுவிரல் 4-ல் அழுத்தி அப்படியே 5-க்கு வழுக்கிப் போகட்டும் என்று விட்ட பிறகுதான் சரியானது. இப்போது ஆரம்பிப்பவர்கள் 7-8-11-12 பக்கமே தொடங்குங்கள்.

மூன்று வாரம் கழித்து வேகமாக ஓட்டிக்கொண்டிருந்தபோது அடுத்த அறையிலிருந்து சித்தி குரல்: "ஏண்டா, சரளி வரிசையை எதுக்கு இவ்ளோ அவசரமா வாசிக்கறே?"

அதேதான். கர்நாடக இசையின் தாய் ராகப் பட்டியலில் 15-வது மேளகர்த்தா, மாயாமாளவகௌளை. சரளி வரிசை உள்பட, புரந்தரதாசர் வகுத்தது என்று சொல்லப்படும் ஆரம்ப வரிசைகள் இந்த ராகத்தில்தான். பைசாண்டியம் வரை போய்விட்டு வந்தால் வாசலில் கிடக்கிறது. இரண்டு நாள் கிட்டாரைத் தொடவில்லை.

அப்புறம் சித்தியிடமே உட்கார்ந்தேன். ச ரி க ம ஒரு பாதி, ப த நி ச இன்னொரு பாதி, இரண்டுக்கும் ஒரே அச்சு என்றார். ஃப்ரெட்போர்டில் பார்த்தால் அப்படியே இருக்கிறது: ஆறாவது கம்பியில் 0-1-4-5, ஐந்தாவதில் 2-3-6-7, நான்காவதில் மறுபடி 2-3-6-7, மூன்றாவதில் 4-5-8-9. ஒரே வடிவம் இடம் மாறிக்கொண்டே போகிறது. மூன்று வாரம் இதைத்தான் எண்களாக நெட்டுருப் போட்டிருந்தேன்!

தாளம் தட்டும் மெட்ரோனோமை 50-ல் வைத்து மூன்று காலம் வாசிக்கச் சொன்னார். தட்டுக்கு ஒன்று, இரண்டு, நான்கு. முதல் காலத்தில் கொஞ்சம் ஆசைப்பட்டு வேகத்தைக் கூட்டினால் மூன்றாம் காலத்தில் மாட்டிக்கொள்வோம். ஜண்டை வரிசைதான் என்னை நன்றாகக் காட்டிக்கொடுத்தது. சச ரிரி கக மம என்று வரும்போது இரண்டாவது ஸ்வரத்தில் அழுத்தம் விழவேண்டும். பிக்கை (கம்பியை மீட்டும் சிறு தகடு) மேலும் கீழுமாக மாற்றி வாசிக்கும்போது அந்த இரண்டாவது எப்போதும் மேல்வீச்சில் வருகிறது. என் மேல்வீச்சு இத்தனை வருடமும் வெறும் ஒப்புக்குத்தான் இருந்திருக்கிறது. ஸ்வரங்களைத் தாண்டித் தாண்டிப் போகும் தாட்டு வரிசையில் கம்பி தாண்டும் பயிற்சி தானாக வந்துவிடுகிறது.

இவ்வளவுக்கும் பிறகு வேகமாக ஓட்டினால் மகுடி வாசிப்பது போலத்தான் கேட்டது. ஆறாவது கம்பியைத் திறந்து சுருதியாக ஒலிக்கவிட்டு, ஒரு வாரம் நான்கு ஸ்வரங்களை மட்டும் வாசித்துப் பார்த்தேன். எல்லோரும் ஒன்றுக்கும் நாலுக்கும் நடுவிலான அந்த மூன்று அரைச்சுர (ஒரு ஃப்ரெட் தூரம் ஓர் அரைச்சுரம்) இடைவெளியைத்தான் விசேஷம் என்கிறார்கள். எனக்கு ருசி தெரிந்தது எஃப் இறங்கி இ-யில் உட்காரும் இடத்தில். ச-வுக்கு மேலே அரைச்சுரத்தில் ஓர் ஆள், கீழே அரைச்சுரத்தில் ஓர் ஆள். யாரிடமிருந்து வீட்டுக்கு வருகிறோம் என்பதைப் பொறுத்து நிறம் மாறுகிறது.

*

மேலே உள்ளதைப் படித்த இன்னொருவன் நான். என் கதை வேறு. இதே ஸ்கேலைப் பழகிவிட்டு, இ-யில் 'அரேபியன்' என்று பெயர் போட்ட ஒரு பேக்கிங் டிராக்கோடு (பின்னணி இசைப்பதிவு) வாசித்தேன். பாதி நேரம் அருமை, பாதி நேரம் பல் கூசியது. மூன்று முறை டியூன் செய்தேன், புதுக் கம்பி கூட மாற்றினேன். கடைசியில் டிராக்கில் டி மைனர் கார்டு வருவதைக் கவனித்தேன். நான் டி ஷார்ப்பில் நிற்கிறேன், அது டி-யில் நிற்கிறது! அந்த டிராக் ஃப்ரிஜியன் டாமினன்ட் என்ற வேறு ஸ்கேல், அதாவது ஏ ஹார்மோனிக் மைனரை அதன் ஐந்தாவது ஸ்வரத்திலிருந்து தொடங்கினால் வருவது. நம் கணக்கில் 14-வது மேளம் வகுளாபரணம். பக்கத்து வீடுதான், ஏழாவது ஸ்வரமான நிஷாதம் மட்டும் வேறு. அரேபியன் என்ற பெயரை இரண்டுக்கும் ஒட்டிவிடுகிறார்கள். இப்போதெல்லாம் எந்த டிராக்காக இருந்தாலும் முதலில் ஏழாவது ஸ்வரத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடுவேன்.

டிராக்கே வேண்டாம் என்றால் இ மேஜர், எஃப் மேஜர் இரண்டையும் மாறி மாறி ரெக்கார்ட் செய்து அதன்மேல் வாசியுங்கள். அரைச்சுரத் தூரத்தில் இரண்டு மேஜர் கார்டு, இரண்டும் ஸ்கேலுக்குள்ளேயே இருக்கின்றன. ஏ மைனரும் சேரும்.

*

மூன்றாவதாக நான். எனக்கு இந்த ஸ்கேல் கிட்டார்க் கலைஞர் டிக் டேல் 1962-ல் வெளியிட்ட 'மிசர்லூ' வழியாக வந்தது. தொடக்க மெட்டு முழுக்கத் தடித்த கம்பி ஒன்றிலேயே, பிக் அதிர அதிர. கை வலித்ததுதான் மிச்சம், ஆனால் ஒற்றைக் கம்பியில் பழகியதால் இடைவெளிகள் கண்ணில் பதிந்துவிட்டன.

இன்னொன்று: அதே ஏழு ஸ்வரங்களை ஏ-யிலிருந்து ஆரம்பித்து, ஏ மைனர் கார்டு மேல் வாசித்துப் பாருங்கள். ஹங்கேரியன் மைனர் என்பார்கள். கர்நாடக இசையில் சிம்மேந்திரமத்தியமம் ராகம்தான் அது. முதலில் எழுதியவரின் சித்திக்கு இதைச் சொல்லத் தேவையிருக்காது.

ஒரு கேள்வி. ரி-யை அந்தச் சித்தி எப்படி வாசிக்கச் சொன்னார்? ஃப்ரெட்டை அழுத்தி நிறுத்தினால் எனக்கு மரக்கட்டை மாதிரி இருக்கிறது.

*

முதலில் எழுதியவன்தான் பதில் சொல்கிறேன். சித்தியிடமிருந்து அதே புகார்தான் எனக்கும் வந்தது. 8-வது ஃப்ரெட்டில் போய் நிற்காமல், ஐந்தாவது கம்பியில் 7-ல் இருந்தபடி கம்பியை வளைத்து ரி-யைத் தொட்டுவிட்டு இறங்கச் சொன்னார். வளைவு அரைச்சுரம்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் சரியாக அங்கேயே போய்ச் சேர ஒரு மாதம் ஆனது. போன வாரம் கேட்டுவிட்டு, "ரி வந்துடுத்து, த இன்னும் கட்டையாத்தான் இருக்கு" என்றார். மூன்றாவது கம்பியில் 4-லிருந்து வளைத்துக்கொண்டிருக்கிறேன்.