கரண்ட் போனதும் தானா எரியுற விளக்கு: டிரான்சிஸ்டர் சுவிட்ச் அனுபவம் சொல்லுங்க

ரங்கூன், தாமுவே:
12 வோல்ட் பேட்டரி, 5 வாட் பைக் பல்பு, நடுவுல சுவிட்ச் மாதிரி பிடி139 டிரான்சிஸ்டர். மச்சான் கட்டிக் கொடுத்தது. கரண்ட் போனதும் எரிஞ்சுது, ஆனா தணல் மாதிரி சிவப்பா. டிரான்சிஸ்டர் மேல விரல் வைக்க முடியல. காளி கோயில் பக்கத்துத் தெருவுல ரேடியோ பாக்குற பாய்கிட்ட கொண்டுபோனேன். டிரான்சிஸ்டருக்கு மூணு கால்: கலெக்டர், எமிட்டர், திறக்கச் சொல்ற பேஸ். மீட்டர் முள் ரெண்டையும் கலெக்டர்லயும் எமிட்டர்லயும் வெச்சார். 7 வோல்ட்! "பாதிக்கு மேல இதுவே தின்னுடுது தம்பி, பல்புக்கு என்ன மிஞ்சும்?" பேஸ்ல இருந்த 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கழட்டிட்டு அரை வாட் 330 ஓம் வெச்சார். பல்பு பளிச்சுனு ஆச்சு. மீட்டர்ல அரை வோல்ட்கூட இல்ல, டிரான்சிஸ்டரும் சுடல. கெயின், அதாவது பேஸ் கரண்ட்டைப் பெருக்குற மடங்கு, 100னு நம்பிக் கணக்குப் போட்டா சுவிட்ச் பாதிதான் திறக்கும். பல்பு இழுக்குறது 0.4 ஆம்பியர், பேஸுக்கு அதுல பத்துல ஒண்ணு வேணும். இதை ஏன் யாருமே முதல்ல சொல்லித் தர்றதில்ல?

பெகு:
ரெசிஸ்டர் சரிதான் அண்ணே, ஆனா டிரான்சிஸ்டரைக் கொல்றது அது இல்ல. எங்க வீட்டுத் தண்ணி மோட்டார் ரிலேயை (காயில் காந்தமாகி இழுக்குற சுவிட்ச்) ஓட்டுன பிசி547 டிரான்சிஸ்டர் ரெண்டாம் நாளே போச்சு. ரிலே கட் ஆகும்போது காயில் திருப்பி அடிக்குற வோல்டேஜ் நூத்துக்கணக்குல போகும். பிசி547 தாங்குறது 45 வோல்ட். காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு போடுங்க, கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம். சர்க்யூட் ஓடுதேன்னு விட்டுடாதீங்க. காயில் ரெசிஸ்டன்ஸையும் அளந்து பாருங்க: 400 ஓம்னா 12 வோல்ட்ல 30 மில்லியாம்பியர், பிசி547க்குப் போதும். 70 ஓம் காயிலை அதே 12 வோல்ட்ல கொடுத்தா 170 தாண்டும், அது தாங்குறதே 100தான். டயோடு இல்லாம யாருக்கும் கட்டிக் கொடுக்காதீங்க.

மாண்டலே:
பெகு அண்ணே, அவர் கேட்டது பல்பு. பல்புல காயில் எங்க இருக்கு? டயோடு அங்க தேவையே இல்ல. எனக்கு நடந்தது வேற. பிசி547 கிடைக்கலன்னு கடைக்காரர் 2என்3904ங்குற வேற டிரான்சிஸ்டர் கொடுத்தார், "ரெண்டும் ஒண்ணுதான்"னு. தட்டை முகத்தைப் பார்த்தா முன்னதுக்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். பின்னதுக்கு அப்படியே தலைகீழ். அதே ஓட்டைகள்ல சால்டர் வெச்சா ரிலே சில நேரம் இழுக்கும், சில நேரம் இழுக்காது. ராத்திரி முழுக்க ரிலேதான் கெட்டுப்போச்சுன்னு தேடினோம். இங்க யாராச்சும் 3.3 வோல்ட் போர்டுல இருந்து ஐஆர்எஃப்540 மாஸ்ஃபெட் (வோல்டேஜால திறக்குற டிரான்சிஸ்டர்) ஓட்டிப் பார்த்திருக்கீங்களா? எனக்கு அரைகுறையாத்தான் திறக்குது.