கறள் பிடிச்ச பழைய டூல்ஸ் அலுமாரி: சில்லும் லாச்சியும் மாத்தலாமோ?

வட்டக்கச்சி:
உழவு இயந்திரக் கராச்சில நிண்ட சில்லு வைச்ச அலுமாரி. ஏழு லாச்சி, தகரம் 1 மி.மீ. வாய் அகலம் 620 மி.மீ., லாச்சி 614. அடித்தகடு உக்கி, ஒரு மூலையில சில்லு தகட்டைக் கிழிச்சுக்கொண்டு உள்ள போட்டுது. லாச்சியள் பாதியில இறுகுது. லாச்சி வழுக்கி ஓடுற பெயரிங் தண்டவாளமும் 4 இஞ்சிச் சில்லும் போட்டு, மாரிக்கு முதல் பெயின்ற்றும் அடிக்க வேணும். எதில தொடங்குறது?

மாங்குளம்:
அடியில தொடங்குங்கோ. மூலை இறங்கினால் பெட்டி முறுகும், முறுகினால் லாச்சி இறுகும். முன்வாயின்ரை ரெண்டு குறுக்கு மூலையையும் அளவுங்கோ. 3 மி.மீ.க்கு மேல வித்தியாசமெண்டால் குற்றம் தண்டவாளத்தில இல்லை. கீழ கட்டை வைச்சு, ரெண்டு அளவும் ஒண்டாகுமட்டும் உயர்த்திப்போட்டு, 38 × 38 × 3 மி.மீ. ஆங்கிளில (L வடிவ இரும்பில) சட்டம் அடிச்சுக் கொழுவுங்கோ. சில்லைச் சட்டத்தில போல்ட் பண்ணுங்கோ, தகட்டில வேண்டாம். வெல்டிங்கை விட்டு விட்டுப் புள்ளியாத்தான் வையுங்கோ. ஒரே இழுவையா இழுத்தால் 1 மி.மீ. தகரம் நெளிஞ்சிடும்.

சில்லின்ரை பாரத்தை நாலால பிரிக்காதேங்கோ. மேடு பள்ளமான சீமெந்து நிலத்தில மூண்டு சில்லுதான் தாங்கும். பெட்டி 60 கிலோ, சாமான் 120 கிலோ எண்டால் ஒரு சில்லு 60 கிலோ தாங்க வேணும். டீசல் பட்டால் ரப்பர் ஊதும், பொலியூரிதேன் வாங்குங்கோ. கைபிடிப் பக்கம் திரும்புற ரெண்டு, பிரேக்கோட.

பரந்தன்:
கறளுக்கு: லாச்சியளைக் கழட்டி, ஒரு லீற்றர் தண்ணிக்கு 50 கிராம் சிற்றிக் அசிட் கரைச்சு ஒரு இரவு ஊறவிடுங்கோ. பெட்டிக்கு அதே தண்ணியில துணி நனைச்சு ஒட்டி, மேல பொலித்தீன் சுத்துங்கோ. நாகம் பூசின கைபிடி, பூட்டு எல்லாத்தையும் முதலே கழட்டுங்கோ, பூச்சைத் தின்னும். பிறகு அப்பச்சோடாத் தண்ணியில கழுவி உடனே துடைச்சு வெயிலில வையுங்கோ. ஈரம் நிண்டால் கண்ணுக்கு முன்னாலயே செம்மஞ்சளாப் பூக்கும். அண்டைக்கே ரெட் ஒக்சைட் (அடிப் பெயின்ற்) அடியுங்கோ. அது தனிய ஈரத்தைத் தடுக்காது, மேல எனாமல் ரெண்டு கை வேணும். பழைய பெயின்ற்றில ஈயம் இருக்கலாம். தண்ணி தொட்டுத்தான் தேய்க்க வேணும்.

வட்டக்கச்சி:
குறுக்கு அளவு 9 மி.மீ. வித்தியாசம். அப்ப பெயரிங் தண்டவாளம் தேவையில்லையோ?

மாங்குளம்:
எல்லாத்துக்கும் தேவையில்லை. பெயரிங் தண்டவாளத்துக்கு ஒவ்வொரு பக்கமும் 12.7 மி.மீ. வேணும், உங்களிட்டை இருக்கிறது 3. லாச்சியை 594க்கு ஒடுக்க வேணும், அதாவது நடுவால வெட்டி 20 மி.மீ. எடுத்துத் திரும்ப ஒட்டிறது. முகத்தகட்டில கை வைக்காதேங்கோ. பாரமான ஸ்பனர் சாவியள் கிடக்கிற கீழ் ரெண்டுக்கும் மட்டும் அந்த வேலை செய்யலாம். மேல் லாச்சியள் 2 இஞ்சி உயரமெண்டால் 45 மி.மீ. தண்டவாளம் பக்கச்சுவரைக் கிட்டத்தட்ட முழுக்க மூடிப்போடும்.

பரந்தன்:
மற்ற அஞ்சுக்கும் கிறீஸ் பூசாதேங்கோ. எங்கடை செம்மண் புழுதி கிறீசில பிடிச்சு அரைக்கும் பசையாகிடும். தண்டவாளத்தை மண்ணெண்ணெயில கழுவிக் காயவிட்டு, மெழுகுதிரியை அழுத்தித் தேய்ச்சால் காணும். எனாமல் ஒரு கிழமை காயுமட்டும் லாச்சியைப் பூட்டாதேங்கோ, ஒட்டிப்பிடிச்சு உரிஞ்சு வரும்.