கியர்பாக்ஸை இறக்காமல் ஆயில் கசிவை நிறுத்த முடியுமா?

கேள்வி:
வணக்கம். ஆட்டோமேட்டிக் கியர் கொண்ட எனது பழைய பெட்ரோல் காரை இரவு நிறுத்திய இடத்தில், காலையில் உள்ளங்கை அகலத்திற்கு ஆயில் தேங்கியிருக்கிறது. என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியிலிருந்து சொட்டுகிறது. கியர்பாக்ஸை இறக்கி, என்ஜினின் பின்பக்க ஆயில் சீலை மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். சீலின் விலையைவிடக் கூலி பல மடங்கு என்பதால் தயங்குகிறேன். வேறு வழி உண்டா?

மறுமொழி 1:
ஒழுகுவது எந்த ஆயில் என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். அந்த இணைப்புக்குள், என்ஜினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க சீல் என்ஜின் ஆயிலையும், டார்க் கன்வெர்ட்டரின் (என்ஜினின் சுழற்சியைத் திரவம் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) கழுத்தைச் சுற்றியுள்ள சீல் கியர் ஆயிலையும் தடுக்கின்றன; எது போனாலும் சொட்டுவது ஒரே இடத்தில்தான். அடியில் வெள்ளை அட்டையை விரித்து வையுங்கள். சிவப்பாக விழுந்தால் அது பெரும்பாலும் கியர் ஆயில். நெடுநாள் மாற்றாத கியர் ஆயிலும் பழுப்பேறிவிடும் என்பதால் டிப்ஸ்டிக்கில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். என்ஜினின் மேல்மூடியான வால்வு கவரின் கேஸ்கட்டில் கசியும் ஆயில் என்ஜினின் பின்புறமாக வழிந்து இங்கேயே சொட்டுவதும் உண்டு. அதற்காகக் கியர்பாக்ஸை இறக்குவது வீண் செலவு.

கேட்டவர்:
துளிகள் சிவப்பாகவே இருக்கின்றன. வால்வு கவர் பக்கம் ஈரமே இல்லை.

மறுமொழி 2:
அப்படியானால் கசிவது பெரும்பாலும் கன்வெர்ட்டரின் சீல். இறக்காமல் தீராது; மெக்கானிக் சொன்ன சீலை மட்டும் மாற்றினாலும் தீராது. சீலை உப்பச் செய்யும் திரவங்களால் கசிவு சிறிது காலம் குறையலாம், அவ்வளவுதான்.

கன்வெர்ட்டரை ஃப்ளெக்ஸ் பிளேட்டோடு (கிராங்க் ஷாஃப்ட்டின் முனையில் உள்ள தகடு) பிணைக்கும் போல்ட்டுகளை, கிராங்க் ஷாஃப்ட்டைத் திருப்பித் திருப்பி ஒவ்வொன்றாகக் கழற்றிய பிறகு, கன்வெர்ட்டர் கியர்பாக்ஸோடு சேர்ந்தே வெளியே வர வேண்டும். புது சீலைத் தட்டிப் பொருத்துவதற்கு முன், கன்வெர்ட்டரின் கழுத்தில் பழைய சீல் உராய்ந்த பள்ளம் நகத்தில் தட்டுப்படுகிறதா என்றும், கியர் ஆயிலைச் செலுத்தும் பம்பின் புஷ் (கழுத்தைத் தாங்கும் வளையம்) தேய்ந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். புஷ் தேய்ந்து கழுத்து ஆடினால் புது சீலும் விரைவில் போய்விடும். இவ்வளவு இறக்கியபின் என்ஜினின் பின்பக்க சீலையும் மாற்றாமல் விடுவது சிக்கனமாகாது.

பெரிய சேதம் நேர்வது திரும்ப மாட்டும்போதுதான். கன்வெர்ட்டரைச் சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ளினால், அது ஷாஃப்ட்டுகளின் பற்களிலும் கடைசியாகப் பம்பிலும் படிப்படியாக இறங்கி உட்காரும். முழுமையாக உட்காராமலேயே பெல் ஹவுசிங் (என்ஜினோடு சேரும் கியர்பாக்ஸ் உறை) போல்ட்டுகளை முறுக்கினால் பம்ப் உடையும். என்ஜினோடு கியர்பாக்ஸ் கையால் தள்ளும்போதே இடைவெளியின்றிச் சேர வேண்டும்; சேரவில்லையென்றால் வெளியே இழுத்து மீண்டும் பார்க்க வேண்டுமே தவிர, போல்ட்டால் இழுத்துச் சேர்க்க அனுமதிக்காதீர்கள்.

மறுமொழி 3:
சக்கரங்களைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டுகளைக் கழற்றுவதால் அவற்றின் சீல்களையும் மாற்றிக்கொள்ளுங்கள். டொயோட்டாவின் டபிள்யூஎஸ், ஹோண்டாவின் டிடபிள்யூ-1 என கியர் ஆயில் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும்; சிவப்பாக இருப்பதாலேயே எதையும் ஊற்றிவிடக் கூடாது. அளவு பார்க்கும் முறையும் வேறுபடும்: பெரும்பாலான வண்டிகளில் சூடேறிய என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும், ஹோண்டாவிலோ என்ஜினை அணைத்த சற்று நேரத்தில் பார்க்க வேண்டும். உங்கள் வண்டியின் கையேட்டை மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.