மறுமொழி: அண்டர்கிளாக்கிங் – ‘துடிப்புத் தணிப்பு’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். கணினிச் சில்லின் வேகத்தை நாமே குறைத்து வைப்பதை ஆங்கிலத்தில் ‘அண்டர்கிளாக்கிங்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘துடிப்புத் தணிப்பு’ என்று நான் முன்மொழிந்ததற்கு மூன்று நாளாக வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். இந்தச் சொல் எனக்கு எங்கே தேவைப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வரவேற்பறையில் டிவிக்குக் கீழே உள்ள அலமாரியில், படம் பார்ப்பதற்கென்றே ஒரு சிறிய கணினி வைத்திருக்கிறேன். உயரம் குறைந்த பெட்டி, 75 வாட் வரைகலை அட்டை (கிராபிக்ஸ் கார்டு). பழைய டிவிடி படங்களை 4கே திரைக்குப் பெரிதாக்கிக் கூர்மையாக்கும் வேலையை அந்த அட்டைதான் செய்கிறது. மே மாதத்தில் அறையே 35 டிகிரியில் இருக்கும்போது, படத்தில் யாரும் பேசாத காட்சி வந்தால் அட்டையின் விசிறிதான் காதில் விழும். போன வாரம் அதன் வேகத்தை 1,400 மெகாஹெர்ட்சிலிருந்து 1,120க்கு இறக்கி, மின்னழுத்தத்தையும் கொஞ்சம் குறைத்தேன். விசிறி அடங்கிவிட்டது. படத்தில் ஒரு ஃபிரேம்கூட விடுபடவில்லை. வீடியோவை டிகோட் செய்ய அட்டைக்குள் தனிச் சுற்று உண்டு, அதன் வேலை கெடவில்லை. பெரிதாக்கும் வேலைக்கும் 1,120 போதுமானதாக இருந்தது.

ஊரிலிருந்து வந்த மைத்துனர், என்ன செய்தீர்கள் என்று கேட்டார். “அண்டர்கிளாக் பண்ணேன்” என்றேன். புரியவில்லை. “அதோட துடிப்பைக் குறைச்சேன், சூடு தணிஞ்சிடுச்சு” என்றதும் புரிந்துகொண்டார். என் முன்மொழிவு அந்தப் பேச்சிலிருந்து வந்ததுதான்.

இனி உங்கள் பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> ‘கீழ்க்கடிகாரம்’ என்றே வைக்கலாம். மூலச் சொல்லோடு நேராகப் பொருந்துகிறது.

ஐயா, மூலச் சொல்லோடு பொருந்துகிறது, சரி. ஆனால் நடக்கும் செயலோடு பொருந்தவில்லை. தமிழில் கடிகாரம் என்றால் மணி காட்டும் பொருள். கடிகாரம் மெதுவாக ஓடினால் நேரம் தவறும். அட்டையின் வேகத்தைக் குறைத்தால் கணினியின் நேரம் ஒரு நொடிகூடத் தவறாது. இங்கே குறைவது, அட்டையின் ஒவ்வொரு வேலைக்கும் தாளம் போடும் மின்துடிப்பு. நொடிக்கு 140 கோடி முறை துடித்தது, இப்போது 112 கோடி முறை துடிக்கிறது. இன்னொன்று, ‘கீழ்க்கடிகாரம்’ என்பதை வினையாக்க முடியாது. “நான் என் அட்டையைக் கீழ்க்கடிகாரித்தேன்” என்று யாரும் சொல்லப்போவதில்லை. கலைச்சொல் அகராதியில் பெயர்ச்சொல்லாக மட்டும் உட்கார்ந்திருந்தால் புழக்கத்துக்கு வராது.

> ‘அதிர்வெண் குறைப்பு’ போதாதா? பாடநூலிலேயே இருக்கிற சொல்தானே.

பொருளில் பிழையே இல்லை. ஆனால் அதிர்வெண் தமிழ்நாட்டுப் பாடநூலில் இருக்கிற சொல். இலங்கையில் அதே இயற்பியலை ‘மீடிறன்’ என்று படிக்கிறார்கள். நம் குழுவில் இரண்டு கரையிலிருந்தும் எழுதுகிறோம். ஒரு கரையின் பாடநூலைப் புதுச்சொல்லுக்கு அடித்தளமாக்கினால் மற்றவர்களுக்கு அது அந்நியமாகவே இருக்கும். இதயத் துடிப்போ இரண்டு கரையிலும் இதயத் துடிப்புதான். பள்ளிப் படிப்பு இல்லாதவருக்கும் அது தெரியும்.

> இசையில் கீழ்க்காலம், மேல்காலம் என்று அருமையான இணை இருக்கிறதே. ‘கீழ்க்காலப்படுத்தல்’ என்றால் என்ன?

அம்மா, இந்தப் பரிந்துரையைத்தான் நான் அதிக நேரம் யோசித்தேன். அழகான இணை, அதை விட மனமே வரவில்லை. ஆனால் மேல்காலத்தில் பாடும்போது தாளம் போடும் கை வேகம் எடுப்பதில்லை. அதே தட்டுக்குள் சுரங்கள் இரட்டிப்பாக விழுகின்றன. அட்டையில் நடப்பது வேறு. ஒரு தட்டுக்குள் நடக்கும் வேலை அப்படியே இருக்கிறது, தட்டுதான் மெதுவாகிறது. இசைக்காரர்கள் அதைக் காலப்பிரமாணம் குறைவது என்பார்கள். இசை தெரிந்த ஒருவர் ‘கீழ்க்காலப்படுத்தல்’ என்று படித்தால் தவறாகவே புரிந்துகொள்வார்.

‘துடிப்படக்கம்’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். துடிப்பு அடங்கியது, நாடி அடங்கியது என்றால் நம் வீடுகளில் அதற்கு ஒரே பொருள்தான்.

என் பரிந்துரை ‘தணி’ என்ற வினை. வெயில் தணிந்ததும் கிளம்பலாம் என்கிறோம். காய்ச்சல் தணிகிறது, கோபம் தணிகிறது. முருகனின் சினம் தணிந்த இடம் என்று திருத்தணிகைக்குப் பெயர்க்காரணம் சொல்கிறார்கள். விறகடுப்பில் குழம்பு கொதித்ததும், தீயைத் தணித்து வை என்பார் என் அம்மா. அணைத்து விடு என்று பொருள் இல்லை. வேலை நடக்கட்டும், வேகம் வேண்டாம் என்று பொருள். குறைவது, சூடு ஆறுவது இரண்டும் இந்த ஒரே சொல்லில் சேர்ந்திருக்கின்றன. ‘குறைப்பு’ என்ற சொல்லுக்கு அந்த இரண்டாவது பொருள் கிடையாது.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அட்டை அளவுக்கு மீறிச் சூடானால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் இதை ‘த்ராட்லிங்’ என்று வேறு சொல்லால் சொல்கிறார்கள். நமக்கோ தன்வினை, பிறவினை கைவசம் இருக்கின்றன. அட்டையின் துடிப்பு தானே தணிந்தால் துடிப்புத் தணிவு. நாம் முன்கூட்டியே தணித்தால் துடிப்புத் தணிப்பு. முதலாவது சூட்டின் விளைவு, இரண்டாவது சூட்டைத் தடுக்கும் வழி. மறுபக்கமும் இதே கணக்கு சரியாக வருகிறது. சூட்டுக்கும் மின்சாரத்துக்கும் இடம் இருக்கும்போது அட்டை தானே வேகம் எடுப்பது (‘பூஸ்ட்’ என்பது) துடிப்பேறல். நாம் வலிந்து ஏற்றும் ஓவர்கிளாக்கிங் துடிப்பேற்றல். நான்கு கருத்துகள், இரண்டே வினைகள். இதைக் கண்டதும் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

தணிவு, தணிப்பு இரண்டும் ஒன்றுபோல ஒலித்துக் குழப்பாதா என்று கேட்கலாம். தெளிவு, தெளிப்பு என்ற இணையில் நாம் குழம்புவதில்லையே.

அப்புறம், அண்டர்வோல்டிங்கையும் (மின்னழுத்தத்தைக் குறைப்பதையும்) இதோடு சேர்த்து ஒரே சொல்லாக்கலாம் என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. சில்லு வேலை செய்யும்போது செலவழிக்கும் மின்திறன் (இயங்குதிறன்) துடிப்புக்கு நேர் விகிதத்தில் மாறும். மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் நேர் விகிதத்தில் மாறும். துடிப்பை மட்டும் 20 சதவீதம் தணித்தால் அந்தத் திறன் 20 சதவீதம்தான் குறையும். கூடவே மின்னழுத்தத்தை 10 சதவீதம் தணித்தால், 0.8ஐ 0.81ஆல் பெருக்க, பழைய திறனில் சுமார் 65 சதவீதம்தான் மிஞ்சும். (வேலை செய்யாதபோதும் சில்லில் கசியும் மின்னோட்டம் தனிக்கணக்கு.) செய்முறையிலும் வேறுபாடு உண்டு. துடிப்பைத் தணித்தால் அட்டை மெதுவாகும், அவ்வளவுதான். மின்னழுத்தத்தை அளவுக்கு மேல் தணித்தால் திரை உறைந்துபோகும், கணினி நின்றுபோகும். ஆகவே அது மின்னழுத்தத் தணிப்பு என்று தனியாகவே இருக்கட்டும்.

ஒற்று பற்றியும் கேட்டிருந்தீர்கள். “துடிப்பு தணிந்தது” என்னும்போது துடிப்பு எழுவாய், ஒற்று மிகாது. “துடிப்புத் தணிப்பு” வேற்றுமைத்தொகை, ஒற்று மிகும்.

மொழிபெயர்க்க எடுத்த கையேட்டின் ஒரு பத்தியில் வைத்துப் பார்த்தேன்:

“வீட்டுத் திரையரங்குக் கணினியில் விசிறிச் சத்தம் தொல்லையாக இருந்தால், முதலில் துடிப்புத் தணிவு நிகழ்கிறதா என்று பாருங்கள். நிகழ்ந்தால் பெட்டிக்குள் காற்றோட்டம் போதாமல் இருக்கலாம்; தூசியைத் துடையுங்கள். பிறகு அட்டையின் துடிப்பை 50 மெகாஹெர்ட்ஸ் வீதம் தணித்து, ஒவ்வொரு முறையும் ஒரு படத்தைப் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். படம் தடங்கினால் ஒரு படி மேலே ஏற்றிக்கொள்ளுங்கள்.”

உரக்கப் படித்தேன், எங்கும் நாக்கு இடறவில்லை. நீங்களும் படித்துப் பார்த்து, இடறும் இடத்தை மட்டும் குறித்து அனுப்புங்கள். கையேட்டின் இந்தப் பகுதியை ஞாயிற்றுக்கிழமை வரை மூடாமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்